லைன்மேன் சாக வேண்டாம்

மார்ச் 2

குண்டூசிக்கு,

நலமா என்று கேட்டால், "இல்லாமலா வேலைக்குப் போய்ட்டு வரேன்" என்பாய். ஆகவே கேட்கவில்லை. நாம் போனில் பேசினால் மூன்றாம் நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

நாவல் வந்து ஆறு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு பிரதி கொடுத்ததாக அம்மா சொன்னாள். புத்தகம் விற்கும் தளத்தில் வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்களாம். ஒருமுறை திறந்து பார்த்தேன். முதல் கருத்தே, "மந்திரமும் கம்ப்யூட்டரும் கலந்த கஷாயம், விழுங்க முடியவில்லை." மூடிவிட்டேன். நாள் முழுக்க மருந்துக்கடையில் நிற்கிற எனக்கே அது தொண்டையில் நிற்கிறது.

இரண்டாம் பாகத்தை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அதற்குமுன் படித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நானே படிக்கத் தைரியமில்லை. நீ படித்து, சாரத்தை எழுதி அனுப்பு. தோழிகளைக் கேட்டால் சர்க்கரை தடவித் தருவார்கள். உன்னிடம் ஆயிரம் குறை உண்டு, பொய் மட்டும் கிடையாது.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் விஷயத்தை இதில் இழுக்காதே. நானும் இழுக்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் முதல் பத்தி தேவையில்லாதது. மற்றபடி புரிந்தது.

மொத்தம் 112 கருத்துகள். மூன்று மதிய இடைவேளைகளில் படித்து முடித்தேன். எங்கள் புகார்ப் பிரிவில் செய்வதுபோலவே செய்திருக்கிறேன். ஒரு தெருவில் நெட் வரவில்லை என்று நாற்பது பேர் கூப்பிட்டால் கோளாறு ஒன்றுதான். முதல் புகாரை வைத்துக்கொண்டு மீதியை 'டூப்ளிகேட்' என்று அதனுடன் சேர்த்து மூடிவிடுவோம். அப்படிச் சேர்த்தபின் உன் நாவலில் 19 விஷயங்கள் மிஞ்சின. தனித்தாளில் வரிசையாக இருக்கிறது. முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சுவரில் உள்ள பிளக் வழியாக வீட்டுக்கு வீடு மந்திரம் வருகிற நகரம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மாதக் கடைசியில் மந்திரம் மெதுவாக வரும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைப் படித்து எங்கள் ஆபீஸே சிரித்தது.

ஒரு நர்ஸ் எழுதுகிறார்: கதாநாயகி மந்திரக்காரியின் மணிக்கட்டில் மந்திரம் சேமிக்கிற சில்லு (சிப்) பதித்த காயம் ஒரே நாளில் ஆறிவிடுகிறது, கட்டுக்கூட மாற்றவில்லை, எழுதியவர் மருத்துவமனைப் பக்கமே போனதில்லைபோல. (நீ மருந்துக்கடையில் இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்கே வெட்கமாக இருந்தது.) ஆனால் கிழவரின் கட்டிலருகே கடைசி மந்திரம் தீர்ந்துபோகும் இடத்தில் அவர் டியூட்டியில் அழுதிருக்கிறார்.

ஒரு எலக்ட்ரீஷியன்: 61ஆம் பக்கத்தில் ஈரக்கையால் பிளக்கைத் தொடுகிறாள், பிள்ளைகள் படிக்கிற புத்தகம், மாற்றச் சொல்லுங்கள்.

ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். காரணம், பார்சல் நனைந்து வந்ததாம்.

மந்திரங்களுக்கு நகல் ஏன் இல்லை என்றும் கேள்வி வந்திருக்கிறது. இவ்வளவு வளர்ந்த நகரத்தில் சில்லு அழிந்தால் எல்லாம் போச்சு என்பது நம்பும்படி இல்லை.

கடைசியில் ஒரு சிறு குறை: மந்திரக்காரியின் தம்பி, அந்த லைன்மேன், பாதியிலேயே காணாமல் போகிறான்.

என் மதிப்பெண் பத்துக்கு ஏழு. கதாநாயகிக்குப் பிடிவாதம் அதிகம்.

தம்பி


மார்ச் 14

குண்டூசிக்கு,

பத்துக்கு ஏழு உன்னிடமிருந்து என்றால் மற்றவர்கள் கணக்கில் பதின்மூன்று. நன்றி.

நர்ஸ் சொன்னது சரி. கட்டு மாற்றுகிற காட்சி ஒன்று எழுதிவிட்டேன். ஈரக்கையைத் துடைத்தாயிற்று. பார்சலுக்கு நான் பொறுப்பில்லை.

நகல் ஏன் இல்லை என்று கேட்டது வாசகரா, நீயா? பதில் வேண்டாம்.

உன் பட்டியலால் ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாம் பாகத்தில் அந்த லைன்மேன் தம்பியை என்ன செய்வது என்று மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருந்தேன். தன் வேலைக்காக அக்காவின் பழைய சில்லை வாங்கி, அவள் சேர்த்துவைத்த மந்திரம் அத்தனையையும் அழித்துவிட்டுப் போனவன். அவன் திரும்பி வருவானா, வந்தால் என்ன பேசுவான் என்று வாசகர்கள் கேட்பார்கள் என நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தாளில் அது பத்தொன்பதாவது, 'சிறு குறை', யாரோ ஒருவர். சரி, அவனை யாரும் தேடவில்லை. முதல் அத்தியாயத்திலேயே கம்பத்தில் ஷாக் அடித்துச் சாகிறான். நான்கு வரியில் முடிந்தது. எழுதியபின் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

வெயில் வந்துவிட்டது. தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

லைன்மேன் சாக முடியாது. அவன் ஏறுவது கரண்ட் கம்பம் இல்லை, டேட்டா கம்பம். அதில் ஓடுவது நாற்பத்தெட்டு வோல்ட். கொஞ்சம் சுரீர் என்கும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் வாசகர் உன்னைக் கிழித்துவிடுவார். மாற்று.

தம்பி


மார்ச் 18

அக்கா,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தேன். வேலை ஓடவில்லை. அதில் வோல்ட் கணக்கு சரி. மீதி சரியில்லை.

லைன்மேனைப் பற்றிக் கேட்டது ஒருவர் இல்லை. நாற்பத்து மூன்று பேர். 112இல் 43. எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே கேட்டிருந்தார்கள்: அவன் திரும்பி வந்து அக்காவிடம் ஏதாவது பேச வேண்டும். வழக்கம்போல் ஒன்றாக்கினேன். ஆனால் ஆபீஸில் ஒன்றாக்கும்போது பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை போடுவோம். அதைப் பார்த்துத்தான் எது அவசரம் என்று முடிவாகும். மற்ற பதினெட்டுக்கும் போட்டேன். இதற்குப் போடவில்லை. 'சிறு குறை' என்று எழுதிக் கடைசியில் தள்ளினேன். மறதி இல்லை.

அந்த லைன்மேன் யார் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். ஆறு வருடமாகப் பேச்சில்லை. இவனாவது பேசுவான் என்று கடைசிப் பக்கம்வரை காத்திருந்தேன்."

"லைன்மேன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அந்த வித்தியாசம் தெரிந்துதான் ஆசிரியர் எழுதியிருக்கிறார்."

43ஐயும் பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. இனி அவனைக் கொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

தம்பி


மார்ச் 22

குண்டூசிக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முதலில் வோல்ட் கணக்கைப் படித்துச் சிரித்தேன். அடுத்ததைப் படித்ததும் உனக்கு ஒரு அறை கொடுக்க வேண்டும்போல் இருந்தது. பொய் சொல்லமாட்டாய் என்று நம்பிக் கொடுத்த வேலை.

பிறகு அந்த நாற்பத்து மூன்றையும் படித்தேன். கடையில் கூட்டமில்லாத நேரத்தில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக. எழுதிய மூன்று வருடத்தில், யாருக்காக எழுதுகிறேன் என்று முதல்முறையாகத் தெரிந்தது. அதனால் அறையை ஒத்திவைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். அவன் திரும்பி வரும் காட்சியைப் பதினொரு முறை எழுதிப் பார்த்தேன். வருகிறான், கதவைத் தட்டுகிறான், வாயைத் திறந்தால் என் குரலில் பேசுகிறான். அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் உண்மையில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நீ எழுதி அனுப்பு. அலங்காரம் வேண்டாம். அக்கா இப்படி இப்படிக் கேட்கிறாள் என்றெல்லாம் வேண்டாம். அவன் பேசுவது மட்டும். தேதி ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை எழுதினேன். ஒன்றில் லைன்மேன் கோபுர உச்சியில் நின்று பேசினான். கேவலமாக இருந்தது. எனக்குக் கதை வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நீ வீட்டைவிட்டுப் போன மறுவாரம், என் அறையில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை என் படிப்புக்காக முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். பார்த்தேன். 'நாவல்' என்றே பெயர் வைத்திருந்தாய். திறந்தால் நானூறு பக்கத்துக்கு மேல். வேறெங்காவது வைத்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ கிளம்பிப் போனதில் எனக்கு வெறுப்பு. 'போகட்டுமே' என்று பட்டனை அழுத்தினேன். அதை அவசரம் என்று சொல்ல முடியாது. அந்த வாசகருக்கு என்மேல் நல்லெண்ணம் அதிகம்.

நீ போனில் அழுதபோது, "காப்பி எடுத்து வெக்காதது யார் தப்பு?" என்று கேட்டேன். எங்கள் வேலையில் அது சரியான கேள்வி. வாடிக்கையாளர்களிடம் தினமும் கேட்கிறேன். உன்னிடம் கேட்டிருக்கக்கூடாது. நீ காப்பி எடுக்காமல் போனது, அது என் அறையில் இருந்ததால். தம்பியிடம் இருப்பதற்கு எதற்குக் காப்பி என்று நினைத்திருப்பாய். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

நீ மறுபடி முதல் வரியிலிருந்து எழுதினாய் என்று அம்மா சொன்னபோது, நன்றாகவே எழுதுவாள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. மன்னித்துவிடு அக்கா.

லைன்மேன் இதைவிட நன்றாகப் பேசுவான் என்றால் பேசட்டும்.

தம்பி


மார்ச் 29

என் தம்பிக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். இருமல் மருந்து கேட்டு நின்றவர் மூன்று முறை கேட்டாராம். கடைசியில் அவரே, "பரவால்லம்மா, படிச்சிட்டுக் குடுங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நீ எழுதியதை நாவலில் போடப்போவதில்லை. காட்டினால் பதிப்பாளர் தூக்கிக்கொண்டு ஓடுவார். காட்டமாட்டேன். அது எனக்கு வந்த கடிதம். நாற்பத்து மூன்று பேரும் மன்னிக்கட்டும், இதில் அவர்களுக்குப் பங்கில்லை.

லைன்மேனுக்கு நானே வசனம் எழுதிவிட்டேன். உன்னுடையதைவிடச் சுமார்தான். ஆனால் இந்தமுறை அவன் குரலிலேயே பேசுகிறான், திக்கித் திணறி, நடுநடுவே வோல்ட் கணக்குச் சொல்லிக்கொண்டு. கம்பத்திலிருந்து விழுந்தும் சாகவில்லை. காலில் கட்டோடு வந்து கதவைத் தட்டுகிறான். கட்டை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

அவன் பேசி முடித்ததும் மந்திரக்காரி என்ன சொல்கிறாள் என்பதுதான் பாக்கி. பதிப்பாளரிடம் பத்து நாள் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறைதானே. என் அறையை நீ பார்த்ததில்லை. சலவைக்கடைக்கு மேல், இரண்டாம் மாடி, பச்சைக் கதவு. மணி வேலை செய்யாது, கையில் ஸ்குரூடிரைவர் இருந்தாலும் அதைத் தொடாதே, தட்டு. வா. பேசுவோம். அவளுடைய பதிலை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா