ரெட்டை ஜடை

ஜூன் 9, திங்கள்

ரம்யாவின் கிளாஸ் மிஸ்ஸின் கண் என் காலுக்குப் போனது. மெட்டி தேடுகிறார். "உங்க பொண்ணு கணக்குல வீக்மா" என்று சொல்லி முடித்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

கடைப் புடவையிலேயே போனது என் தப்பு. குரோம்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் எல்லோருக்கும் ஒரே மெரூன் புடவை, கொண்டை. எனக்குப் பதினாறு. ரம்யா என் தங்கச்சி, நாலாவது படிக்கிறாள்.

வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. "அம்மா, பஸ் வருது அம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் கீழிருந்து. ரசம், அப்பளம், அம்மாவுக்கு மாத்திரை. போன வருஷம் அப்பா லாரியில் அடிபட்டுப் போனதிலிருந்து அம்மா பாயை விட்டு எழுவதே அபூர்வம். என் பத்தாவது ரிசல்ட் அந்த மாதம்தான். பாஸ். யாரும் கேட்கவில்லை.

அத்தை வந்தாள். பிளஸ் ஒன் சேரப்போகிறேன் என்றேன், சுவரைப் பார்த்து.

"இன்னாத்துக்குடி? பெரிய மனுஷியாட்டம் வூட்டைத் தாங்கிக்கினு கீற. சின்னப் பசங்களோட பெஞ்சுல குந்துவியா? சோத்துக்கு?"

சாயங்காலமும் ஞாயிறும் கடை. சூப்பர்வைசர் அண்ணாவிடம் பேசியாச்சு. இதைச் சொன்னேன். மற்றது வாயில் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்: குந்துவேன்.

பெரிய மனுஷி, பொறுப்பு, பக்குவம். எல்லாம் பாராட்டாம். என்னைக் கேட்டா தலையில் வைத்தார்கள்?

ஜூன் 11, புதன்

பழைய ஸ்கூல். ஹெச்.எம். ரூமில் நுழைந்ததும் பயத்தில் வாயில் கடைப் பேச்சு வந்துவிட்டது: "வாங்க மேடம், என்ன பாக்கறீங்க?"

செத்தேன்.

ஹெச்.எம். பேனாவை வைத்தார். "என் ரூமுக்கு என்னையே கூப்பிடறியா? நீ என்ன பாக்க வந்த, அதச் சொல்லு."

"பிளஸ் ஒன், மேடம்."

சிரித்தார். அப்புறம் என் கொண்டையைப் பார்த்தார். "நாளைக்கு ரெட்டை ஜடை போட்டுட்டு வா. அம்மாவோட வா. அம்மா வந்தாதான் சேத்துப்பேன்."

அத்தை வரலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். ரம்யாவுக்குப் பின்னிவிட்டு அனுப்பினேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஸ்கூலுக்கு வரணும்மா என்றேன்.

"நீயே பேசிட்டு வாடி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தெரியும். ரேஷன், கேஸ், மாத்திரை, ரம்யாவின் கணக்கு. "அவளுக்கு அம்மாவா இருக்கேன். உனக்கும் இருக்கேன். எனக்கு நானே அம்மாவா வர முடியாதும்மா." சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது.

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

கொண்டையை அவிழ்த்தேன். சீப்பையும் ரிப்பனையும் அவள் கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்தேன்.