பொய்க் குரலைப் பிடித்த ஆஃப்ரீன்

அன்புள்ள நைனாவுக்கு,

டெல்லியில் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

தேர்தலன்று காலையில், “பூத்துல மிஷின் கெட்டுப்போய் கீது, இன்னிக்கு ஓட்டு கெடையாது, வூட்லயே இருங்க” என்று நம் காலனித் தலைவர் பெஞ்சமின் அண்ணன் குரலில் வாட்ஸ்அப்பில் வந்ததே, அதை ஜெயம்மாள் அத்தை எங்கள் செயலிக்கு அனுப்பிவிட்டார். வந்த செய்தி உண்மையா பொய்யா என்று சொல்வதற்காக நாங்கள் உருவாக்கிய செயலி அது. நம் ஊர்ப் பேச்சு புரியாமல் திணறியது.

என்னோடு வேலை செய்யும் ஆஃப்ரீனுக்குத் தமிழே தெரியாது. நான் அர்த்தம் சொல்லச் சொல்ல, அத்தை அனுப்பிய அண்ணனின் பழைய பேச்சுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இந்தக் குரல் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்று கண்டுபிடித்தாள். உடனே அத்தைக்கு, அது பொய், ஓட்டு உண்டு என்று பதில் போனது. அத்தை எல்லோருக்கும் சொல்லி, மத்தியானத்துக்குள் காலனியே வரிசையில் நின்றதாமே! தான் பார்த்தே இராத நம் ஊரில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்களா என்று ஆஃப்ரீன் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள், நைனா.

பிறகு, அந்தச் செய்தியைப் பொய் என்று சொன்னதற்காக யாரோ எங்களைப் போனில் மிரட்டினார்கள். ஆபீஸில் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள், பயப்படாதீர்கள்.

செயலிக்கு நம் பேச்சு பழக வேண்டும். நீங்களும் அம்மாவும் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். என்னைத் திட்டினாலும் சரி, நீளமாக இருக்கட்டும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
பிரிஸ்கில்லா