முதல் சொம்பு

மண்ணூர்
8-3-1982

பிரியமுள்ள மாமாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் லீலாவும் இருக்கிறோம். பம்பாயில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் செய்து வைத்த குழாய்த் தொட்டியைப் பார்க்கத் தெருவே வருகிறது. ஓட்டைப் பீப்பாய்க்குள் உங்கள் பேட்டரிப் பட்டறைக் காரீயத்தை உருக்கிப் பூசினீர்களே, ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாயங்காலம் கிணற்றிலிருந்து நிரப்பிவிட்டால் மறுநாள் திருகினால் தண்ணீர். சின்னப்பொண்ணு அக்கா திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "இன்னா மேரி, சீமாட்டி ஆயிட்டியே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்ததும் முதல் சொம்பு லீலாவுக்குத்தான். அப்பா குழாயாம், அவளுக்கு முன்னால் யாரும் தொடக்கூடாதாம். பாவம், அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாள், விளையாடவும் போவதில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மேரி

பம்பாய்
19-3-1982

என் மேரிக்கு,

காலையில் அடித்த தந்தி கிடைத்திருக்கும். தொட்டித் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும்தான் அதில் சொல்ல முடிந்தது.

பட்டறையில் எங்களைப் பரிசோதித்த டாக்டர், என் வயிற்று வலிக்குக் காரணம் காரீயம் என்றார். அது தண்ணீரிலும் இறங்குமா என்று கேட்டேன். இறங்குமாம். ராத்திரி முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீரில்தான் அதிகமாம். காய்ச்சினாலும் போகாது, சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வரைக்கும் கெடுக்கும் என்றார். நீ எழுதிய முதல் சொம்பு ஞாபகம் வந்து நேரே தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

லீலாவை உடனே பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. காரீயம் என்று சொல். என் கையாலேயே என் பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டேனே, மேரி.

லாசர்

மண்ணூர்
11-4-1982, ஈஸ்டர்

பிரியமுள்ள மாமாவுக்கு,

தந்தி வந்ததுமே நானும் சின்னப்பொண்ணு அக்காவும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டோம். உங்கள்மேல் கோபமில்லை என்று பொய் எழுத மாட்டேன். ரெண்டு நாள் உங்கள் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். காரீயம் இருக்கிறதாம். சீக்கிரம் நிறுத்தினது நல்லதாய்ப் போயிற்று, மாதாமாதம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். இப்போது வயிற்று வலி இல்லை. மாமா, இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் லீலா பாவாடையைச் சொருகிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்தப் பட்டறை இனி உங்களுக்கும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கம்பெனி கட்ட ஆள் எடுக்கிறார்களாம். வந்துவிடுங்கள். வந்து காரீயம் இல்லாமல் ஒரு தொட்டி செய்யுங்கள். லீலா இப்போதே சொல்லிவிட்டாள்: "மொதோ சொம்பு அப்பா குடிக்கட்டும். அப்பாலதான் நானு."

நானும் அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் மேரி