துத்தமும் தூத்தமும்

8 மார்ச் 1959, ஞாயிறு

காலையில் தொட்டி கழுவினேன். பெரியது கல்லுக்கு அடியிலிருந்து வெளியே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சின்னது மண்புழுவில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றது.

போன வருஷம் மாணவிகளோடு டார்ஜிலிங் போனபோது ஒரு குட்டையில் எடுத்த ஜோடி. ஈரப் பாசியோடு பிஸ்கட் டப்பாவில் வைத்து, ரயிலில் மடியிலேயே கொண்டுவந்தேன். சாலமாண்டர் என்றால் இங்கே யாருக்கும் புரிவதில்லை. வால் போகாத தவளை என்று சொல்லிவிடுகிறேன். மன்னி ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "பல்லி நனைஞ்சா இப்படித்தான் இருக்கும்." அதோடு சரி.

அண்ணா காலமான பிறகு மல்லேஸ்வரத்து வீட்டில் மன்னியும் நானும்தான். சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. பால் வந்தாச்சா, சாவி எங்கே, இவ்வளவுதான். வீடு மன்னி பேரில். அண்ணா இல்லாத வீட்டில் நான் யார்? கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்பதில்லை.

11 மார்ச்

என்ன வெயில்! பெங்களூரா இது? இரண்டும் மலைப்பிரதேசத்துப் பிராணிகள், சூடு கண்டால் சோறு தண்ணீர் இறங்காது. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. மத்தியானம் ஐஸ் கட்டியைப் பாட்டிலில் போட்டு மிதக்கவிட்டேன். குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கிறது. ராத்திரி முழுக்க வாளியில் திறந்து வைத்து, வாடை போன பிறகுதான் விடுகிறேன்.

மன்னி குழாய்த் தண்ணீரைச் சமையலுக்குக்கூடத் தொடமாட்டாள். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறதாம். விடியற்காலை குளித்து, ஈரப்புடவையோடு கிணற்றில் இறைத்துத் தாமிரக் குடத்தில் நிரப்பி வைப்பாள். பெருமாளுக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான். காலேஜ் புடவையோடு நான் அந்தக் குடத்தின் பக்கம் போனால், "ஏய், விழுப்பு!" என்று ஒரு சத்தம். குளித்து மடியாக இல்லாத எதுவும் அவளுக்கு விழுப்பு, தொட்டால் தீட்டு. தலைவலியே வந்துவிடும்.

14 மார்ச்

நாளைக்கு மைசூர். பிராக்டிகல் பரீட்சைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாவது ஆகும். இரண்டுக்கும் வயிறு நிறையப் புழு போட்டாயிற்று. தண்ணீர் வற்றினால் மட்டும் வாளித் தண்ணீரைக் கொஞ்சம் விடச் சொன்னேன்.

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? நன்னா இருக்கே" என்றாள் மன்னி. போகட்டும். வற்றினாலும் ஒரு வாரம் தாங்கும்.

22 மார்ச், ஞாயிறு

திரும்பி வந்து பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தேன். தண்ணீர் நிறைந்து பளிங்காக இருக்கிறது. ஆனால் பெரியது மேலே மிதந்துகொண்டு வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குகிறது. உடம்பெல்லாம் வெள்ளையாக ஒரு வழவழப்பு. புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சின்னது பரவாயில்லை, ஆனால் சோர்ந்துதான் கிடக்கிறது.

வெயில்தான். வேறென்ன?

24 மார்ச்

ஐஸ் வைத்தேன், சாக்கை மாற்றினேன், புழுவை நறுக்கிக் கொடுத்தேன். ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. இன்று தொட்டியின் அடியைத் துழாவினால், பாசியைத் தின்னட்டும் என்று நான் விட்டிருந்த நத்தைகள் எல்லாமே செத்துக் கிடக்கின்றன. ஒன்று பாக்கியில்லை. வெயிலுக்கு நத்தை சாகாதே?

25 மார்ச்

கெமிஸ்ட்ரி அல்போன்சாவிடம் சொன்னேன். கேட்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "நத்தை பூரா செத்துப்போச்சா? அப்ப காப்பர்தான் மங்கை. எங்க டாடி தாமரைத் தொட்டியில நத்தை வந்தா மயில்துத்தம்தான் போடுவாரு. ஒரே நாள்ல எல்லாம் காலி. வீட்ல யாரோ துத்தம் போட்டிருக்காங்க."

மயில்துத்தம் எங்கள் வீட்டில் இருக்கிறது. திராட்சைப் பந்தலுக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்க அண்ணா வாங்கியது. தோட்டத்து ஷெட்டில்.

அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

கேட்டேன். கேட்டுவிட்டேன்.

"மன்னி, தொட்டியில துத்தம் போட்டேளா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா, தூத்தம்தான். நித்யம் கார்த்தால விடறேன். நீ ஊருக்குப் போனதுலேந்து. ஏன்?"

ஏன்? ஏன் என்றா கேட்கிறாள்! எனக்கு என்ன பேசினேன் என்றே தெரியாது. மனசாட்சி இருக்கா உங்களுக்குன்னேன். வாயில்லா ஜீவன் உங்களுக்கு என்ன பண்ணித்துன்னேன். அண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவேளான்னு கேட்டுட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம். அவ முகம் அப்படியே செத்துப்போச்சு. அரிசியை அப்படியே வச்சுட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திண்டா.

இத்தனை நாளும் பிடிக்காதுன்னு நினைச்சேன். இவ்வளவு பிடிக்காதா?

26 மார்ச்

பெரியது போய்விட்டது. சின்னதைக் கண்ணாடி ஜாடியில் வைத்து அல்போன்சாவின் லேபுக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே கதவுக்குப் பூட்டு இருக்கிறது.

31 மார்ச்

பிரின்ஸிபால் மறுபடி கேட்டாள், ஹாஸ்டல் வார்டனாக வரச் சம்மதமா என்று. தனி அறை, சாப்பாடு, கொஞ்சம் தோட்டம். போன மாதம் பார்க்கலாம் என்று நழுவினேன். இன்று சரி என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மன்னியிடம் சொன்னதற்கு, "உன் இஷ்டம்" என்றாள். தட்டில் சாதம் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேனா? அழுதிருந்தாலாவது தேவலை.

2 ஏப்ரல்

சின்னது லேபில் ஒரு புழு தின்றதாம். அல்போன்சா நடனமாடாத குறை.

5 ஏப்ரல், ஞாயிறு

என்ன எழுத. எங்கே ஆரம்பிக்க.

புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மன்னி வந்து வாசற்படியில் நின்றாள். பிறகு சொன்னாள்:

"தூத்தம் விட்டதுக்கு ஆத்தை விட்டே போவாளாடி ஒருத்தி? நான் ஒண்ணும் எச்சில் பண்ணலை. பெருமாளுக்கு எடுத்து வச்சுட்டு, அடுத்தபடி அதுக்குத்தான் விட்டேன். நான்கூட அப்புறம்தான் குடிச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "எது? என்னது விட்டேள்?"

"தூத்தம்டீ! குடிக்கற தூத்தம்! குழாய் ஜலம் நாத்தம் அடிக்கறது, தோல் பட்ட ஜலம் வேற. அதுல அது ரெண்டும் கிடக்கறதேன்னு..."

ஐயோ பெருமாளே. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் தூத்தம்தான். தீர்த்தம் தேய்ந்து தூத்தம். வெளியாரிடம் தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, காதில் விழுந்த வார்த்தையை நான் லேபிலிருந்து வந்தவளாகக் கேட்டிருக்கிறேன். நான் துத்தம் என்றேன், அவளுக்குத் தூத்தம் என்று கேட்டது. அவள் தூத்தம் என்றாள், எனக்குத் துத்தம் என்று கேட்டது.

ஷெட்டுக்கு ஓடினேன். மயில்துத்தப் பொட்டலம் அண்ணா கட்டிய சணலோடு அப்படியே இருக்கிறது. மேலே ஒட்டடை.

திரும்பி வந்து கேட்டேன்: "அதைத் தொடமாட்டேன்னு சொன்னேளே மன்னி?"

"நீ மைசூர் போயிட்டே. ஆத்துல என்னோட இருந்தது அது ரெண்டும்தானே."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. விழுப்பாவது மடியாவது, கட்டிக்கொண்டு அழுதேன். "போடி, மறுபடி குளிக்கணும்" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

6 ஏப்ரல்

அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்கிறது. மன்னி மயில்துத்தம் போடவில்லை. அப்படியானால் நத்தைகள் ஏன் செத்தன?

குடம். தாமிரக் குடம்! புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தகதகவென்று வைத்திருக்கிறாளே, அதே குடம். அதில் நின்ற தண்ணீர் நமக்கு நல்லது. தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணிக்கு? பாடம் நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை, பார்.

மன்னி ஒரு பாட்டிலில் தூத்தம் கொடுத்தாள். கேள்வி கேட்கவில்லை. அல்போன்சா அதைச் சுண்டக் காய்ச்சி ஏதோ மருந்து விட்டாள். லேசாகச் செம்பழுப்பு நிறம் வந்தது. "காப்பர்தான்மா. சும்மா உன் மன்னியத் திட்டினியே" என்றாள்.

மன்னியிடம் சொல்லவா, வேண்டாமா? சொன்னால், தன் கையாலேயே போயிற்று என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் சின்னதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?

7 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெருமாளுக்கு வைக்கறதுதானேடி."

"தெரியும் மன்னி. நமக்கு அது நல்லதுதான். அதோட உடம்பு வேற."

"பெரிசுக்கு வலிச்சிருக்குமோ?"

இருக்காது என்று சொன்னேன். விலங்கியல் படித்தவள் சொல்லக்கூடாத பதில். சொன்னேன்.

10 ஏப்ரல்

மன்னி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஹாஸ்டல் அறையின் சாவி என் கைப்பையில் கிடக்கிறது.

13 ஏப்ரல்

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரின்ஸிபாலுக்குக் கோபம். இருக்கட்டும். வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன், போகவில்லை என்று.

"அப்போ அந்தப் புஸ்தக மூட்டையை நடுக்கூடத்துலேந்து எடு. கால்ல தடுக்கறது" என்றாள். ராத்திரி எனக்குப் பிடிக்கும் என்று மோர்க்குழம்பு.

19 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. சின்னதை ஜாடியோடு ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டியில் விட்டதும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தோல் உரிக்கிறது, நல்ல அறிகுறி.

25 ஏப்ரல்

காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்கவில்லை, தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு மண் பானை, கிணற்றுத் தண்ணீர் நிரம்பி, வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தது. எப்போது வாங்கினாள்? ஒரு சொம்பு மொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

கொல்லையிலிருந்து ஈரப்புடவையோடு ஓடி வந்தாள் மன்னி.

"ஏய், விழுப்பு! தொடாதே! அது அதோட தூத்தம்."