என் கவரை நீங்கள்தான் பிரிக்க வேண்டும்

பிப்ரவரி 6

அன்புள்ள எட்டாம் படுக்கை அக்காவுக்கு,

ஏழாம் படுக்கை எழுதிக்கொள்வது. நான் நலமா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்துடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பிரிக்கவில்லை.

வார்டில் நர்ஸ் காகிதம் கொண்டுவந்தால் நான் அதைத் தலையணைக்கு அடியில் சொருகிவிடுவேன். நீங்கள் என்னுடையதைப் பிடுங்கிக்கொள்வீர்கள், நான் உங்களுடையதை எடுத்துக்கொள்வேன். அடுத்தவள் காகிதம் என்றால் படிக்க எப்படியோ தைரியம் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏற்பாடே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோமே, அதன்படி அனுப்புகிறேன். இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. காகிதம் பிரித்தவளிடமே இருக்கட்டும்.

வீட்டுக்காரர் கேட்கிறார்: "உன் ரத்தத்த உனக்கு முன்னாடி இன்னொருத்தி பாக்கணுமா? நான் பிரிச்சா ஆகாதா?" நான் சொன்னேன்: "நீங்க பிரிச்சா உங்க மூஞ்சியே சொல்லிடும். அக்கா மூஞ்சி இங்க இல்லையே."

போனில் பேசலாம் என்றால், மில்லில் தறிச் சத்தம் தின்று தீர்த்த உங்கள் காதுக்கு அது உதவாது. நேரில் என்றால் என் வாயசைவைப் பார்த்தே பாதிக் கதையை நான் சொல்லும் முன் பிடித்துவிடுவீர்கள். அதற்கு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். நம் இருவர் முதுகும் தாங்காது.

தையல் மெஷினில் மறுபடி உட்காரத் தொடங்கிவிட்டேன். பள்ளிச் சீருடைதான். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். பாக்கெட் வைக்கும்போது மட்டும் கண் கலங்குகிறது. அது நோயில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஊசியும் நூலுமாக,
ஏழு


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

உன் கவரைப் பிரித்தேன். எம் (M) புரதம் 0.2. போன முறையும் 0.2 தான். நமக்கு வந்த எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் ரத்தத்தில் விட்டுப்போகிற கழிவு அது, அது எவ்வளவோ நோயும் அவ்வளவு என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கும். உனக்கு முழுக்கப் போகவில்லை, ஏறவும் இல்லை. ஹீமோகுளோபின் 11.2. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 0.9. இரண்டும் சரி.

டாக்டர் நம் இருவர் கட்டிலுக்கும் நடுவில் நின்று சொன்னதை மறக்காதே. "ஒரு நம்பரப் பாத்து அழாதீங்க, ஒரு நம்பரப் பாத்து ஆடாதீங்க. மூணு நம்பர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க." இப்போதைக்கு அது எந்தப் பக்கமும் போகவில்லை. நிம்மதியாக இரு.

இவ்வளவு எழுதினாயே, சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி உண்டா? எனக்கு இங்கே மகன் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மருமகள் நல்ல பெண். ஆனால் அடுப்பைப் பார்த்தபடியே பேசுவாள். அவள் முதுகிலிருந்து நான் என்னத்தைப் படிக்க?

என் ரத்தம் எடுத்ததும் கவரை அனுப்புகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இனி நம் பிழைப்பு இதுதான்.

அன்புடன்,
எட்டு


மே 19

அக்கா,

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

நலம் விசாரிப்பெல்லாம் காத்திருக்கட்டும். உங்கள் மே மாதக் கவரை இப்போதுதான் பிரித்தேன். எம் புரதம் என்ற இடத்தில் 'காணப்படவில்லை' என்று போட்டிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் காணப்படவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவருக்கும் காணப்படவில்லை. பூஜ்யம் வாங்கியதற்கு யாராவது இனிப்பு கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்கு நான் கொடுத்தேன். "யாருக்கு என்ன விசேஷம்?" என்றார்கள். "எங்க அக்கா பரீட்சையில பூஜ்யம்" என்றேன்.

என் கவர் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இந்த முறை எனக்குப் பயமே இல்லை. ஒரே மருந்தை ஒன்றாக ஏற்றிக்கொண்டு, ஒரே சுவரில் தலை வைத்துப் படுத்திருந்தவர்கள் நாம். உங்களுக்குப் பூஜ்யம் என்றால் நானும் பின்னாலேயே வந்துவிட மாட்டேனா?

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. இரண்டு பள்ளிகளின் சீருடை குவிந்து கிடக்கிறது.

உங்கள்
ஏழு


மே 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. விரலில் வலி.

உன் கவரைப் பார்த்தேன். 0.2. அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் ஒன்பதாம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும் அல்லவா? தவறாமல் போ. ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் அவர் ஒரு முறை பார்ப்பதுதான் முறை. துணி எங்கும் ஓடிப்போகாது. போய் வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
எட்டு


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். ஜூன் ஒன்பதாம் தேதி நான் போகவில்லை. 0.2 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதையே இன்னொரு வாயால் கேட்க இரண்டு நாள் வேலையை விட வேண்டுமா? பள்ளி திறக்கும் நேரம், பிள்ளைகள் போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டாமா? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர்தான் எடுத்தார். "ரிப்போர்ட் பாத்தாச்சுங்க, போன தடவ மாதிரியேதான் இருக்கு. வேலை முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

முதுகுதான் பாடாய்ப் படுத்துகிறது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நேற்று மெஷினிலிருந்து எழ அவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. வயதாகிறது, மெஷினும் பழசு, நானும் பழசு.

நடுவில் ஒரு நாள் மனசுக்கு என்னமோ போலிருந்தது. உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 0.2 என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உங்கள்
ஏழு


ஜூலை 29

ஏழு,

இது கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. துணியை அப்படியே போட்டுவிட்டுப் போ. உன் முதுகு வலி வயதால் வந்ததில்லை. உன் வீட்டுக்காரரிடமும் இதைக் காட்டு. தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், இன்றைக்கே அழைத்துப் போங்கள். உங்கள் போனுக்கு என் மகனைப் பேசச் சொல்லியிருக்கிறேன். காரணம் பிறகு எழுதுகிறேன்.

எட்டு


ஆகஸ்ட் 17

எட்டாம் படுக்கைக்கு,

உங்கள் மகன் போன் செய்தார். கடிதமும் வந்தது. இரண்டும் வருவதற்குள் என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போயிருந்தார்கள்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "மே மாசமே 0.7 ஆயிருக்கு. ரிப்போர்ட் பாத்தோம்னு போன்ல சொன்னீங்களாமே?"

"0.2 தானே சார்," என்றேன்.

"யார் சொன்னா?"

உங்களைச் சொல்லவில்லை. 

இப்போது 1.9. முதுகெலும்பில் இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறது. சிறுநீரகமும் சேர்ந்து கெட ஆரம்பித்திருக்கிறது, கிரியாட்டினின் 1.8. டாக்டர் கோபக்காரர் இல்லை, உங்களுக்கே தெரியும். மெதுவாகத்தான் சொன்னார்: "ஒரு தடவ ஏறினா சந்தேகம்தான். அப்பவே திரும்ப எடுத்துப் பாத்து மருந்த மாத்தியிருப்போம். எலும்பு இந்த நிலைக்கு வந்திருக்காது." வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏன் அக்கா? விளையாட்டுக்கா எழுதினீர்கள்? அளவு எடுப்பவளே நாடாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டால் தைக்கிறவள் என்ன செய்வாள்? என் உயிரை உங்கள் கையில் கொடுத்திருந்தேன். அவர் கையில் கொடுக்கவில்லை, என் கையில்கூட வைத்துக்கொள்ளவில்லை. சரி, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

உங்கள் ஆகஸ்ட் கவர் வந்தது. பிரிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம்.

தையற்காரி


ஆகஸ்ட் 26

தங்கைக்கு,

வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மே மாதம் உன் கவரைப் பிரித்த அன்றே 0.7 என்று எழுதினேன். உடனே போ என்றும் எழுதினேன். கவரில் போட்டு ஒட்டும் முன் உன் கடிதம் வந்தது. பூஜ்யம் என்று மூன்று தடவை எழுதியிருந்தாய். எனக்காக இனிப்பு கொடுத்திருந்தாய். நீயும் பின்னாலேயே வந்துவிடுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு 0.7-ஐ அனுப்ப என்னால் முடியவில்லை. நாள் கணக்காக அந்தக் காகிதத்தை மடித்து மடித்து வைத்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.

ஒரு நம்பரைப் பார்த்து அழாதே என்றாரே, இது ஒரு நம்பர்தானே என்று சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் டாக்டரே சொல்லப் போகிறார், அதுவரை அவள் சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன் ஏழு. டாக்டரை விட நீ என்னை நம்புவாய் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் பக்கத்துக் கட்டிலில் அத்தனை நாள் படுத்திருந்தவளுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

நீ திருப்பி அனுப்பிய கவரைப் பிரித்தேன். பூஜ்யம்தான். மருமகளிடம் சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். இந்தப் பூஜ்யத்தை உனக்குக் கொடுக்க ஒரு வழி இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். எனக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்கவும் மாட்டேன்.

எட்டு


நவம்பர் 12

அக்காவுக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நாலு வரிக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது. இப்போது படுக்கைதான். மெஷினுக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார். பார்த்தால் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

புது மருந்து மூன்று மாதம் ஏறியிருக்கிறது. ரிப்போர்ட் வந்துவிட்டது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அது நிச்சயம். அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். "நான் பிரிக்கிறேன், குடு" என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார். அவர் முகத்தை இப்போதெல்லாம் என்னால் பார்க்க முடியவில்லை. கொடுக்கவில்லை.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இந்தக் கவரை யாரிடம் கொடுப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். என்னிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இத்துடன் கவர்.

ஏழு


நவம்பர் 17

அன்புத் தங்கை ஏழுக்கு,

பிரித்தேன்.

எம் புரதம் 2.6. ஆகஸ்டில் 1.9 இருந்தது. புது மருந்து வேலை செய்யவில்லை. ஹீமோகுளோபின் 7.8, உனக்கு மூச்சு வாங்குவது அதனால்தான் இருக்கும். கிரியாட்டினின் 3.1. சிறுநீரகம் மோசமாகியிருக்கிறது. மூன்று நம்பர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னார். 0.7, 1.9, 2.6. ஒரே பக்கம்தான் போகிறது. நல்லதாக ஒரு வரியாவது இருக்குமா என்று காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் எண்களை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலை பஸ் ஏறி நானே எடுத்து வருகிறேன். மகன் முடியாது என்றான், எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது என் முகம் உன் எதிரில் இருக்கும். எழுதியிருப்பதும் முகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். டாக்டரிடம் போகும்போது நானும் கூட வருகிறேன்.

அதன் பிறகு என்னைத் திட்டு. மெதுவாகத் திட்டு, வாயசைவு எனக்குப் புரிய வேண்டும்.

எட்டு