பதினோரு வினாடி

ஜூன் 3, செவ்வாய்

என் பாட்காஸ்ட்டின் பதினேழாவது எபிசோட் பதிவு செய்தேன். இடம் வழக்கம்போல பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், எதிரொலி வராமலிருக்க இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு. பாளையங்கோட்டை வெயிலில் கம்பளிக்குள் வெந்துகொண்டே, "வணக்கம், இது வெட்டு மேசை, பேசுவது டெபோரா" என்று குளிர்ச்சியாகச் சொல்ல வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இங்கிலீஷ் பாட்காஸ்ட்தான் வாத்தியார். மீன் கழுவிக்கொண்டே கேட்பேன். புரியாத இடத்தை ஈரக் கையோடு பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்பேன். பாதிதான் புரியும். மற்ற பாதியில் என்னைப் போல முட்டி மோதுபவர்களுக்காகத் தமிழில் நானே ஒன்றைத் தொடங்கினேன். கேட்பவர்கள் 212 பேர். சேரன்மகாதேவி, நாங்குநேரி, புன்னக்காயல் என்று எங்கெங்கோ இருக்கிறார்கள்.

இன்றைய விஷயம், கேமராவின் மெமரி கார்டை எப்போது அழிக்கலாம் என்பது. 31 நிமிடம் பேசியிருக்கிறேன். எனக்கே தாங்கவில்லை. எதிர் வீட்டில் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். அந்தச் சத்தம் விழுந்த இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு, இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்து ஏற்றிவிட்டேன். கச்சிதம். என் வீட்டுக்காரர் பாக்கியசீலன் கேட்டுவிட்டு, "வீட்லயும் நீ இப்படித்தான், ஒருத்தர் பேச்ச முடிக்க விடமாட்ட" என்றார். பள்ளிக்கூட வாத்தியார். அவர் பேச்சு மணியடித்தால்தான் நிற்கும்.

ஜூன் 4

முதல் நாள் 61 பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் இதயம் போட்டிருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு குரல் செய்தி. பெயர் ஹமீது பீவி. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் வீடியோ எடுப்பவள். ஆண்கள் நுழைய முடியாத இடம், அதனால் ஊரில் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

"அக்கா, ஒங்க பேச்சத்தான் வேல செய்யும்போதெல்லாம் கேக்கேன். ஞாயித்துக்கெழம மைதீன் பாத்திமா நிக்காஹ் எடுத்தேன். நீங்க சொன்னாப்ல கார்டுல உள்ளது, ஹார்டு டிஸ்க்குல ஏத்தினது, ரெண்டு போல்டர் அளவையும் பாத்தேன், சரியா இருந்துச்சு, கார்ட அழிச்சிட்டேன். முந்தியெல்லாம் பயந்து பயந்து வச்சிருப்பேன்."

மூன்று தடவை கேட்டேன். பாக்கியசீலனையும் கேட்க வைத்தேன். இன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பீவி போன் செய்தாள்.

மைதீன் பாத்திமாவின் உம்மா போன வாரம் மவுத்தாகிவிட்டார். நெடுநாள் சிறுநீரக வியாதி. கல்யாணம் வரை தாங்கினால் போதும் என்றுதான் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அந்த அம்மா மகளுக்குச் சோறு ஊட்டியது, பக்கத்தில் உட்கார்ந்து பேசியது எல்லாம் பீவியின் கேமராவில். முதலில் அதைக் கொடு என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். திறந்தால் நாலாவது நிமிடத்திலிருந்து பச்சைக் கட்டம், சாம்பல் கட்டம். சத்தமும் இல்லை. நாற்பது நிமிடம் போயிற்று. கார்டில் அதற்குள் வேறு இரண்டு கல்யாணம் ஏறிவிட்டது.

"வேற யாராவது போன்ல எடுத்திருப்பாங்களே?" என்றேன்.

"அந்த வீட்ல பொம்பளையாளுக பக்கம் போனு விடமாட்டாகக்கா. படம் வெளிய போயிரும்னு வாசல்லயே வாங்கி வச்சிருவாக. என்னைய நம்பித்தான் எங் கேமராவ மட்டும் விட்டாக."

ஏதாவது வழி இருக்கா என்றாள். இருக்கும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 12

போன் செய்த மறுநாளே ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள் பீவி. சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும். நாலு நாளாக எனக்குத் தெரிந்த மென்பொருள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் கேட்கும் இங்கிலீஷ் பாட்காஸ்ட்காரர்களின் இணையக் குழுவிலும் எழுதிக் கேட்டேன். நல்லவர்கள், உடனே பதில் போட்டார்கள். கார்டில் புதிதாக எழுதிவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கார்டிலிருந்து நகலெடுக்கும் ரீடர் பழுதென்றால் அளவு சரியாகவே காட்டும், உள்ளே சிதைந்திருக்கும் என்றார்கள்.

கடைசியில் ஒருவர் கேட்டிருந்தார், அளவைப் பார்த்தால் போதும் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று. பதில் எழுதாமல் மூடினேன்.

ஜூலை 13

இல்லை. நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியுமே.

ஜூலை 14, திங்கள்

பதினேழாவது எபிசோடைக் கேட்டேன். "அளவு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்" என்கிறேன். உடனே, "அதற்குப் பிறகு கார்டை அழிக்கலாம்" என்கிறேன்.

வெட்டாத பதிவை எடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "ஆனால் அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். சோம்பல்படாதீர்கள்." பின்னால் போர் போடும் சத்தம் இரைகிறது. பதினோரு வினாடி. கேட்டுக்கூடப் பார்க்காமல் சத்தத்துக்காக வெட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடமாக ஊரார் பேச்சை வெட்டிச் சம்பாதித்த கை.

ஜூலை 20

பீவியிடம் வழி இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

பாக்கியசீலனிடம் சொன்னேன். "ஏட்டி, அந்த வரிய சேத்து மறுபடியும் ஏத்திரு. இனிமே கேக்கவனாவது தப்பிக்கட்டும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஏற்றிவிட்டேன். பழைய ஆடியோவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் தேதி மாறாது, எண்ணிக்கை மாறாது. யாருக்கும் தெரியாது. போர் சத்தத்தைக் குறைக்க நாலே நிமிடம்தான் ஆயிற்று. அன்றைக்கே செய்திருக்கலாம்.

மாற்றியதைச் சொல்லி மேலே ஒரு குறிப்புப் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியும், எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பீவியின் குரல் செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, இன்னைக்கு மறுபடியும் அந்த எபிசோட கேட்டேன். தொறந்து கடைசி வரைக்கும் பாருங்கன்னு நீங்க சொல்லித்தான் இருக்கீக. நாந்தான் காதுல வாங்காம விட்டுருக்கேன். மனசுக்குள்ள ஒங்களத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்தேன்கா, மன்னிச்சிக்கோங்க. அவுக வீட்ல போயி எந் தப்புதான்னு சொல்லிட்டேன். இனிமே இந்த வேல வேண்டாம்கா. கேமராவ வித்திரலாம்னு இருக்கேன். எங்கம்மாகூட பீடி சுத்தப் போறேன்."

ஆகஸ்ட் 6

சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவில் ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் வந்தபோது என் வாய் அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற பாக்கியசீலன் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "மாத்தி ஏத்திருன்னு நாந்தான் ஒனக்குத் தப்பா யோசன சொல்லிட்டேன். அந்தப் பிள்ளட்ட போயி சொல்லிரு" என்றார். சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஆகஸ்ட் 15

பீவி நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலப்பாளையம் போனேன். வீட்டில் பீவியும் அவள் அம்மாவும் பீடி சுற்றும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் கொடுத்தாள். குடிக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று வெட்டாத பதிவைப் போட்டேன். பிறகு ஜூன் மாதம் ஏற்றியதை. பிறகு மாற்றி வைத்ததை. மூன்றையும் கேட்டாள்.

"அப்ப நான் கேட்டதுல அது இல்ல."

"இல்லம்மா."

"நான் குத்தத்த ஏத்துக்கிட்டு சொன்னப்பவும் நீங்க பேசல."

"பேசல."

கேமராவை வெள்ளிக்கிழமை விற்றுவிட்டாளாம். இரண்டு நாள் முன்னால். அம்மாதான் அதைச் சொன்னார்கள். பீவி எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, "வாங்க, அவுக வீட்லயும் சொல்லுங்க" என்றாள்.

மைதீன் பாத்திமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்கு வெக்கத்துல ஒண்ணும் மனசுல நிக்கல. நீதான் பாத்துட்டே நின்ன. உம்மா எப்படி இருந்தாக, சொல்லு" என்றாள்.

பீவி சொன்னாள். முதல் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உம்மா மகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை. சோறு ஆறிப்போனதை. மூச்சு வாங்கியதை மகள் பார்த்துவிடக் கூடாதென்று தலையைத் திருப்பிக்கொண்டதை. எதையும் விடாமல், சொன்னதையே மறுபடி சொல்லி, நெடுநேரம். நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26

பதினேழாவது எபிசோடில் ஜூன் மாத ஆடியோவையே திரும்ப வைத்துவிட்டேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லி ஒன்பது நிமிடம். திக்கியது, இருமியது எதையும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கேட்பவர்கள் 148. புதிதாக ஒன்றும் பதிவு செய்யவில்லை. கம்பளியைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று.

இன்று ஜங்ஷனில் ஏறிய பஸ்ஸில் பீவி இருந்தாள். மடியில் பீடி இலைக் கட்டு. என்னைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். வேறு கேமரா வாங்க நான் ஏதாவது செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ் ஆற்றுப் பாலம் தாண்டியது.

இறங்குமுன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்த எடத்துல சத்தத்தோடயே விட்டிருந்தாலும் கேட்டிருப்பேன்கா."

மேலப்பாளையத்தில் இறங்கிப் போனாள்.