கரியாவின் மூன்று கால்கள்

என்னவருக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் கரியா நன்றாக இருக்கிறான்.

நீங்கள் எல்லைக்குப் போன பிறகு அவன் நொண்டினான். காப்பித் தோட்டத்தில் முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். மைசூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் புற்றுநோய் என்றார். இடது முன்னங்காலை எடுத்தால்தான் வலி தீருமாம். பனிமலை முகாமில் இருக்கும் உங்களைக் கேட்க வழியில்லை. நானே சம்மதம் சொன்னேன்.

உங்கள் அப்பா குதித்தார். "ஓடியாடின நாயை நொண்டியாக்கிட்டு வந்து நிக்கிறியேம்மா!" என்றவர், அப்புறம் என்னோடு பேசவே இல்லை. ஒருநாள் விடிகாலையில் எட்டிப் பார்த்தால், தன் பட்டாளத்துக் கம்பளியை அவன் நெஞ்சுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, களத்தில் நடை பழக்கிக்கொண்டிருக்கிறார். "லெப்ட் ரைட்டெல்லாம் உனக்கு வேணாம். ரைட்டு, ரைட்டு மட்டும் போடுடா!"

நேற்று அடுப்படியிலிருந்து பன்றிக்கறியைக் கவ்விக்கொண்டு ஓடினான். அப்பாவால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. "திருட்டுப் பயலே, நாலு கால் இருந்தப்பகூட இப்படி ஓடலையேடா!" என்று மூச்சிரைக்கச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாத்திரையைக் கடம்புட்டு அரிசி உருண்டைக்குள் வைத்தால் விழுங்கிவிடுகிறான். இன்னும் எத்தனை காலம் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அப்பா கேட்டார், என்னிடம் சொல்லவில்லை. ஆனால் புத்தரி அறுவடைத் திருநாள்வரை காத்திராமல், அடுத்த மாதம் கைல்போத் பண்டிகைக்கே உங்களை வரச் சொல்லி எழுதச் சொன்னார். கூரை ஒழுகுகிறதாம், ஓடு மாற்ற வேண்டுமாம்.

கூரை எங்கும் ஒழுகவில்லை. ஆனாலும் வாருங்கள்.

உங்களவள்